முள்ளியவளையில் இருக்கும் எங்கள் கூரை

தம்பிக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

வவுனியாவிலிருந்து நீ பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய கடிதம் கைக்கு வந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் யாரோ உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். உன் கலியாணத்துக்கு நாள் வைத்த செய்தியை எங்களுக்கு முதலே அவர்கள் அறிந்து சந்தோஷப்பட்டிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அப்பாவால் தலைவலி, இரண்டும் பழகிவிட்டன. பெண் வீட்டார் நல்ல மனிதர்கள் என்று நீ எழுதியிருந்தாய். நீ யாரையும் சுலபத்தில் நல்லவர் என்று சொல்கிறவன் இல்லை, ஆகையால் எனக்கு நிம்மதி.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த காரியத்துக்கு வருகிறேன். முள்ளியவளையில், நாங்கள் இடம்பெயர்ந்திருந்தபோது அயலில் இருந்த செல்வராணியின் வீட்டுக் கூரையில் இருக்கும் எங்கள் ஓடுகளை நான் போய்க் கேட்டு வாங்கி வைக்கவேண்டும் என்றாய். ஆவணிக்கு முதல் நீ மேசனோடு வந்து, மழையில் கரைந்துபோன கந்தோர் அறையைத் திரும்பக் கட்டி, அந்த ஓடுகளையே அதற்குப் போட்டு, துரை வீட்டை மறுபடி முழு வீடாக்கி, அதற்குள் மனிசியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றாய். உன் ஆசையில் ஒரு பிழையும் இல்லை. நான் போனேன், நேற்றுத்தான் திரும்பி வந்தேன். என்ன நடந்தது என்பதை நேரே சொல்லிவிடலாம். ஆனால் நீ கோபக்காரன், பாதியில் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். அதோடு இதை நீ மட்டும் வாசிக்கக்கூடாது, நீ கட்டப்போகும் அந்தப் பிள்ளைக்கும் வாசிக்கக் கொடுக்கவேண்டும். உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்து நான் எழுதுவது அவளுக்காக. பொறுத்துக்கொள்.

அவள் இங்கே வந்து விறாந்தையில் கால் வைத்தால் முதலில் அண்ணாந்து பார்ப்பாள். எல்லாரும் அப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்தில் பளைப் பக்கத்து மணற்காட்டை வெட்டித் தென்னந்தோட்டம் போட்ட ஒரு துரை, தோட்டத்தின் நடுவில் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு இது. அவருடைய பேர் இப்போது ஒருவருக்கும் தெரியாது, துரை என்றால் அவர்தான். நான்கு பக்கமும் விறாந்தை, ஒருவருக்கு மேல் ஒருவர் நின்றாலும் இடிக்காத கதவுகள், கப்பலில் வந்து இறங்கிய ஓடுகள். ஒவ்வோர் ஓட்டின் அடியிலும் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கும். கிழக்கு மூலையில் இருந்தது கந்தோர் அறை, துரையின் அலுவலகம். அதற்கு ஒரு சின்ன யன்னல். துரை உள்ளே கதிரையில் இருந்துகொண்டு அதன் வழியாகக் கூலியை நீட்டுவாராம், வேலையாட்கள் வெளியே வெயிலில் வரிசையாக நின்று வாங்குவார்களாம். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுத் துரை ஊருக்குப் போனபோது, வீட்டையும் சுற்றியிருந்த துண்டையும் அப்பாவின் பாட்டனார் வாங்கினார். துரையின் கதிரையையும் விடாமல் வாங்கி, அதே யன்னலால் அவரும் கூலி நீட்டினார். இதை அப்பா பெருமையாகச் சொல்லுவார். இதில் என்ன பெருமை என்று நான் கேட்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு அந்த அறை உன் படிப்பறையாகி, நீ அந்த யன்னலடியில் இருந்து படித்துத்தான் இன்றைக்கு வீடமைப்பு வேலையில் ரீ.ஓ. என்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆகியிருக்கிறாய். அந்த அறையில் உனக்கு இருக்கும் பற்று எனக்கு விளங்காமல் இல்லை.

நான் இந்த வீட்டுக்குக் கலியாணம் செய்து வந்த புதிதில் எனக்கு வீட்டைக் கண்டால் பயம். துரைக்குப் புகை பிடிக்காதாம், அதனால் குசினியைக் கிணற்றடிக்கு அங்காலே கொண்டுபோய்க் கட்டியிருந்தார். மாரியில் சோற்றுப் பானையைச் சீலைத் தலைப்புக்குக் கீழே மறைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடிவர வேண்டும். பின் சுவரில் ஒரு கதவு வெட்டித் தாருங்கோ, விறாந்தையோடு ஒரு குசினி போடுவம் என்று கேட்டால், அப்பா "துரை கட்டின சுவரிலை நான் கை வைக்கமாட்டன்" என்பார். சொந்த வீட்டில் கை வைக்க, செத்துப்போன துரையிடம் அனுமதி கேட்கிற மனிதர். ஒருநாள் அவர் யாழ்ப்பாணம் போன நேரம் பார்த்து, நானும் தேங்காய் உரிக்க வரும் பெண்ணுமாக அலவாங்கால் அந்தச் சுவரைக் குத்தினோம். சுண்ணாம்புப் பூச்சு விட்டதும் உள்ளே வெறும் முருகைக்கல்லும் செம்மண் சாந்தும்தான். கையாலேயே பிடுங்கினோம். பின்னேரம் அப்பா வந்து, புதுக் கதவு வழியாக நான் நீட்டிய தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, இரண்டு நாள் கதைக்காமல் இருந்தார். மூன்றாம் நாள் தொடக்கம் அந்தக் கதவாலேதான் அவரும் போய்வந்தார். இதை உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், நாளைக்கு உன் மனிசி இந்த வீட்டில் எதையாவது இடிக்கவேண்டும் என்று சொன்னால், நீ பழமையைக் காப்பாற்றுகிறேன் என்று குறுக்கே நிற்காதே. அவளும் குடியிருக்கத்தான் வருகிறாள். நீங்கள் காவல் இருக்கும் வீடு என்று அவள் நினைத்துவிட்டால் அவளுக்கு இங்கே மனம் ஒட்டாது.

சுவருக்கு உள்ளே செம்மண்தான் என்பது அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், பளையில் சண்டை தொடங்கி ஊர் கிளம்பியபோது ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. வன்னியில் இடம்பெயர்கிறவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதில்லை, கழற்றிக்கொண்டு போவார்கள். தகரம், ஓடு, யன்னல், கதவு நிலை எல்லாம் உழவு மிசினில் ஏறிவிடும். விட்டுப்போனால் திரும்பி வரும்போது இருக்காது என்பதை எத்தனையோ தரம் பட்டு அறிந்த சனம். அப்பாவும் அதைத்தான் செய்தார். "ஓட்டைக் கழட்டுவம். சுவரை ஆர் தூக்கிக்கொண்டு போகப்போறான்" என்றார். நீ அப்போது மீசை முளைத்தும் முளைக்காத வயசு. ஷெல் சத்தத்துக்கு நடுவில் கூரையில் ஏறி நின்று ஒவ்வொன்றாக நீதான் இறக்கினாய். உடையாமல் வைக்கோல் வைத்து அடுக்கினதும் நீதான். முள்ளியவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓட்டில் ஒரு கீறல் விழவில்லை என்று எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். அங்கே பின்னுக்கு, கூரை இல்லாத சுவரில் மாரி மழை நேரே இறங்கிச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. கூரையைக் காப்பாற்றி வீட்டை நனைய விட்டோம். இது அப்பாவின் பிழை என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு இந்தப் பாதையால் போன அத்தனை மிசினிலும் அதே பிழை ஏறிப் போனது.

முள்ளியவளையில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தன் வளவில் ஒரு துண்டு தந்தார். எங்கள் கொட்டிலுக்குப் போட்டதுபோக ஓடு மலைபோல மிஞ்சிக் கிடந்தது. சுற்றிவரக் கிளாலியில் இருந்தும் சாவகச்சேரியில் இருந்தும் வந்த சனம் மரத்தடியில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் மழைக்கு ஒரு தாய் கைக்குழந்தையைத் தன் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றதை அப்பா பார்த்தார். அன்று பின்னேரமே, "ஊருக்குப் போகும்வரைக்கும் போட்டிருங்கோ" என்று சொல்லி ஓட்டை அள்ளிக் கொடுக்கத் தொடங்கினார். துரை வீட்டுக் கூரை அப்படித்தான் அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பிரிந்து போயிற்று. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்தடுத்த வீடுகளில் நம் ஓடு இருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று வைத்துக்கொள், அப்பாவுக்கு மட்டும்தான் அது இருக்கவேண்டுமா.

பிறகு சமாதானம் வந்தது, பாதை திறந்தது. மிதிவெடி எடுத்து முடித்து எங்கள் வளவுக்குள் போக விட்டபோது, தலையில்லாத தென்னைகளுக்கு நடுவில் சுவர்கள் நின்றன. மேல் வரிசைக் கற்கள் கழன்று விழுந்திருந்தன, இரண்டு இடத்தில் ஷெல் துளைத்திருந்தது, ஆனால் நின்றன. நீ சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னொரு மாரிக்குத் தாங்காது, அதற்கு முதல் கூரை ஏறவேண்டும் என்றாய். உடனே முள்ளியவளைக்கு மிசின் பிடித்துக்கொண்டு போனோம். கேட்ட வீடெல்லாம் முகம் சுளிக்காமல் தந்தார்கள். அவர்களும் தங்கள் ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். கடைசி வீடு செல்வராணியுடையது. அவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை, அது உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அதோடு அவள் அப்போதுதான் நாலாவது பிள்ளையைப் பெற்றுவிட்டுப் படுத்திருந்தாள். அவளுடைய புருஷன் சிவம் ஏணியைக் கொண்டுவந்து சார்த்திவிட்டு ஒதுங்கி நின்றான். நீ ஏணியில் கால் வைக்கப் போனாய். அப்பா உன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"முப்பத்தொண்டு கழியாத வீடு. பிள்ளைப் பெத்தவள் படுத்திருக்கிற கூரையிலை கை வைக்கக்கூடாது. மிசினைத் திருப்பு."

"பிறகு எப்ப அப்பா? மழை எங்களைக் கேட்டே வரப்போகுது?"

"பிறகு பாப்பம்."

அந்தப் 'பிறகு' வரவேயில்லை. கொண்டுவந்த ஓட்டால் வீட்டின் மற்றப் பக்கங்களை மூடினோம், கந்தோர் அறை மட்டும் திறந்தபடி கிடந்தது. அந்த வருஷம் மாரி முந்திக்கொண்டது. நீயும் அப்பாவும் தறப்பாளைக் கட்ட, காற்று அதைக் கிழித்தது. தென்னோலை பின்னிய கிடுகு வைத்தீர்கள், அதுவும் நிற்கவில்லை. மத்தியானம் போல் கிழக்குச் சுவர் அடியில் இளகி, சத்தமே இல்லாமல் அப்படியே சரிந்து இருந்துவிட்டது. யன்னலும் அதோடு போயிற்று. நீ சேற்றுக்குள் நின்று அப்பாவைப் பார்த்து, "ஆரோ பெத்த பிள்ளைக்காக எங்கட வீட்டைக் கரைய விட்டிட்டீங்கள்" என்றாய். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வெட்டப் போய்விட்டார். நீ வவுனியாவுக்கு வேலைக்குப் போனாய். அதன் பிறகு வந்துபோனாய், கதைத்தாய், சாப்பிட்டாய், அப்பாவின் முழங்காலுக்கு எண்ணெய்கூட வாங்கி வந்தாய். ஆனால் அந்தக் கிழக்கு மூலைப் பக்கம் நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் போனதை நான் காணவில்லை.

ஆகையால் உன் கடிதத்தை வாசித்ததும் எனக்கும் ஆசை வந்தது. அந்த அறை எழும்பினால் உங்கள் இருவருக்கும் இடையில் கிடக்கிறதும் தீரும் என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னேன். "நான் வரேல்லை. நீ கேட்கிறதெண்டால் போய்க் கேள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நீ உறைக்குள் வைத்தனுப்பிய அழைப்பிதழும் ஒரு பெட்டி பயற்றம் பணியாரமும் எடுத்துக்கொண்டு காலை பஸ் ஏறினேன். பரந்தனில் மாறி, புதுக்குடியிருப்பில் மாறி, சோளகக் காற்று அள்ளிப்போட்ட புழுதியெல்லாம் தலையில் ஏற, முள்ளியவளையில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். முதலில் பிள்ளைகளைச் சுகம் விசாரிப்பது, பிறகு கலியாணக் கதை, பிறகு மெல்ல வீட்டுக் கதை. நல்ல ஒழுங்காகத்தான் பாடம் பண்ணியிருந்தேன்.

ஒழுங்கை முடக்கில் திரும்பியபோது கூரையைக் காணவில்லை. பலா மரத்துக்குக் கீழே எங்கள் ஓடுகள் பாசி தேய்த்துக் கழுவி, நட்சத்திரம் வெளியே தெரியும்படி அடுக்கியிருந்தன. வீட்டின் மேல் நீலத் தறப்பாள் காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, கொதிக்கிற சூட்டில், மூத்த பெட்டை கொப்பியைக் காற்றுக்குக் கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறந்த பிள்ளை ஓட்டு அடுக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தது. செல்வராணி குசினிக்குள் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கோ அக்கா. தம்பிக்குக் கலியாணமாம், வீடும் திருத்தப் போறியளாம் எண்டு சீலை விக்க வாற நானா சொன்னவர். அதுதான் இறக்கி வைச்சிட்டம். இறக்கேக்க ரெண்டு உடைஞ்சு போச்சு, குறை நினைக்காதேங்கோ."

"நான் இன்னும் கேக்கேல்லையே பிள்ளை."

"கேட்ட பிறகு இறக்கினால் கேக்கிற உங்களுக்கும் கரைச்சல், குடுக்கிற எங்களுக்கும் கரைச்சல்."

நான் பாடம் பண்ணிக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோயிற்று. அவள் தந்த தண்ணீரைக் குடித்தேன். தறப்பாளுக்குக் கீழே இருந்துதான் சோறு சாப்பிட்டேன். முருங்கைக்காய்க் குழம்பும் திருக்கை வறையும். வியர்வை இலையில் விழுந்தது. இந்தப் பிள்ளைகள் மாரிக்கு எங்கே படுக்கும் என்று கேட்டேன். சிவம் கூலிக்கு வயல் வெட்டுகிறான், அடுத்த போகத்துக்குள் தகரம் வாங்கிவிடலாம் என்றாள். அந்த அடுத்த போகம் எங்கள் 'பிறகு பாப்பம்' மாதிரித்தான் எனக்குக் கேட்டது. தம்பி, நான் உனக்காகப் போனவள். உன் ஓடு என் கைக்கு எட்டும் தூரத்தில் அடுக்கியிருந்தது. ஒரு மிசின் பிடித்தால் அன்றைக்கே பளைக்கு வந்துவிடும். என்னால் முடியவில்லை. அது அவளுக்காகவா உனக்காகவா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சிவம் வயலால் வந்ததும், ஓட்டைத் திரும்ப ஏற்றுங்கோ என்றேன். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்டைக்கு அண்ணை தம்பியை ஏணியிலை கால் வைக்க விடேல்லை. அந்த மரியாதைக்கு நாங்கள் இதைத் தரத்தான் வேணும்" என்று சிவம் தலையை ஆட்டினான். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. கடைசியில் நான் முகத்தை இறுக்கிக்கொண்டு, "குடியிருக்கிற வீட்டுக் கூரை பிரிச்ச ஓட்டைக் கலியாண வீட்டிலை போடக்கூடாது. உங்களுக்குத் தெரியாதே? பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கூடாது" என்றேன். அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அந்த இடத்தில் நானே உண்டாக்கியது. செல்வராணி பயந்துபோய்ப் புருஷனைப் பார்த்தாள். துடக்கு வீட்டுக் கூரையில் கை வைக்கக்கூடாது என்று அப்பா அன்று சொன்னதும் நிசமான வழக்கம்தானா, அல்லது அவரும் நின்ற இடத்தில் உண்டாக்கியதா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. வந்து கேட்டேன். சிரிக்கிறார், சொல்கிறார் இல்லை. நீ வரும்போது நீயே கேட்டுப் பார்.

ஆகவே ஓடு வராது. கந்தோர் அறைக்கு அப்பா இடுப்பளவுக்குச் சுவர் வைத்துவிட்டார், உனக்குச் சொல்லாமல் போன மாதம் தொடங்கியது, அந்தச் சின்ன யன்னல் மட்டும் இல்லை. மேலே கிடுகு மேய்ந்துவிடுவோம். நல்ல கிடுகு மழைக்கும் தாங்கும், வெயிலுக்கு ஓட்டைவிடக் குளிர்ச்சி. பழைய வீட்டின் ஒரு மூலை மட்டும் ஏன் கிடுகு என்று உன் மனிசி கேட்டால், மிச்சக் கூரை முள்ளியவளையில் இருக்கிறது என்று சொல்லு. துரை வீடு குறைந்துபோயிற்று என்று நீ நினைப்பாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் நான் நினைப்பதை நீயும் நினைக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தமாட்டேன், உனக்கும் உன் வயசுக்கும் அது ஒரு இழப்புத்தான்.

ஒன்றை மட்டும் நீ தெரிந்து வைத்திருக்கவேண்டும். சிவம் முதல் வரிசை ஓட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது, செல்வராணி என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி கோவிக்க மாட்டாரோ அக்கா? அண்டைக்கு மிசினிலை இருந்து திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனவர். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கேல்லை" என்றாள். அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு எனக்கு உண்மை சொல்ல வரவில்லை. "அவன்தான் பிள்ளை என்னை அனுப்பினவன். ஓடு உங்களுக்கே இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ எண்டவன்" என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டு அவள் அழுதாள், தம்பி. கலியாணத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வருகிறாளாம். உன்னிடம் நேரே வந்து நன்றி சொல்லுவாள். அந்த நேரம் நீ என் முகத்தைப் பார்க்காதே. "அதுக்கென்ன அக்கா" என்று மட்டும் சொல்லு.

அம்மா